டிடபிள்யூ (இங்கிலாந்துல ஈஸ்டருக்கு நடக்குற டிவைசஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் துடுப்புப் படகுப் போட்டி) போனவங்க, கரையில நின்னவங்க: நன்றி சொல்லாம விட்ட ஆள் யாராவது உண்டா?

ஒத்தைத்துடுப்பு:
மார்லோ லாக் (தேம்ஸ் ஆத்துல படகை ஏத்தி இறக்குற மதகு), ராத்திரி 1.30, மழை. ராத்திரியும் நிக்காம ஓட்டுற பிரிவு, டிவைசஸ்ல காலையில கிளம்பினது. ரெடிங் தாண்டினதுலேர்ந்து நடுங்கிட்டே வந்தேன், திடீர்னு நின்னுடுச்சு. உடம்பு பழகிடுச்சுன்னு நினைச்சேன், முட்டாள். குளிர் முத்தினாத்தான் நடுக்கம் அப்படி நிக்கும். மஞ்சள் ஜாக்கெட் போட்ட தொண்டர், பெரியவர் ஒருத்தர், டார்ச் அடிச்சு, "படகு நம்பர் என்ன?"ன்னார். நெஞ்சுலயே எழுதியிருக்கு, வாயில வரல. "கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடு"ன்னார். விரல் பாதி வழியில நின்னுடுச்சு. அவ்வளவுதான், படகை மேல ஏத்தச் சொல்லிட்டார். தமிழ்ல கண்டபடி திட்டினேன். அவர் பாட்டுக்குத் தன் கையுறையைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டார். ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல.

கரைக்காரன்:
எங்க பையனையும் இப்படித்தான் நிறுத்தினாங்க. நல்லாத்தான் இருந்தான். 125 மைல், 77 இடத்துல படகைத் தோள்ல தூக்கிட்டு ஓடணும் (போர்ட்டேஜ்), டெடிங்டன்ல வத்தம் (கடல் தண்ணி இறங்குற நேரம்) தவறினா அங்கேயே உக்காரணும். ஒரு வருஷப் பயிற்சி, ரெண்டு நிமிஷத்துல போச்சு. சம்பளம் வாங்காம வேலை செஞ்சா யாரும் கேள்வி கேக்கக் கூடாதா?

வதனி அக்கா:
கரைக்காரன் தம்பி, நான் ரெடிங்கில, கெனட் ஆறு வந்து தேம்ஸில விழுற இடத்துக்குக் கிட்ட, ரெண்டு வருசம் தொண்டரா நிண்டு, கடந்து போற படகுகளின்ர நம்பர் எழுதினனான். இருட்டில முதல் துடுப்புச் சத்தம்தான் கேக்கும், பிறகுதான் நெத்தி லைட். நான் கத்திக் கேப்பன், அவை கத்திச் சொல்லுவினம். ஒருக்கா ஒரு படகு வரேல்ல. முந்தின பொயின்ற்றில கடந்திட்டுதாம். 40 நிமிசம் அந்தக் கறுத்தத் தண்ணியையே பாத்துக்கொண்டு நிண்டன். கடைசியில பாத்தா ரெண்டு பேரும் தங்கட வானுக்க இருந்து சூப் குடிக்கினம்! விலகினதை ஒருத்தருக்கும் சொல்லேல்ல. உங்கட பெடியன் நல்லா இருந்தவன் எண்டு கரையில நிண்ட உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

நாலுநாள்_நடராஜன்:
நான் நாலு நாள் பிரிவு, ராத்திரி முகாம்ல தங்கித் தங்கிப் போறது. நியூபரி முகாம்ல கை விறைச்சுப் போய் நின்னப்ப ஒரு அம்மா கூடார ஆணி அடிச்சுக் கொடுத்தாங்க. என் கதை அவ்வளவுதான். ஆனா நன்றி சொல்றதுன்னா முறையாச் சொல்லணும். லாக் பேரு, தேதி, மணி, உங்க படகு நம்பர் போட்டு அமைப்பாளருக்கு மெயில் பண்ணுங்க. "எல்லாருக்கும் நன்றி"ன்னு பொதுவா எழுதினா யாருக்கும் போய்ச் சேராது. பூங்கொத்து வேண்டாம். சமோசாவும் வேண்டாம், குளிர்ல ரப்பராயிடும். தெர்மாஸ்ல இஞ்சி டீ, சர்க்கரை தனியா. ஹெட் டார்ச்சுக்கு பேட்டரி கொடுங்க, கோயில் கட்டிக் கும்பிடுவாங்க. படகுல போறப்பவே சொல்றதுன்னா போர்ட்டேஜ் முடிஞ்சு மறுபடி தண்ணியில இறங்குறப்ப சொல்லுங்க, தூக்குறப்ப வேண்டாம், மூச்சு வாங்கும். அதைவிட, அடுத்த ஈஸ்டருக்கு நீங்களே ஒரு ராத்திரி போய் நில்லுங்க. காலுக்கு ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். ஜீன்ஸ் போடாதீங்க. மடக்கு நாற்காலி...

கரைக்காரன்:
கேட்டது அனுபவம், சாமான் லிஸ்ட் இல்லை. அக்கா, எனக்குத் தெரியாதுதான். ஒத்துக்கறேன்.

ஒத்தைத்துடுப்பு:
மெயில் போட்டுட்டேன். நாற்காலியும் வாங்கியாச்சு. கையுறையைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. இடது கை மட்டும்தான் வீட்ல இருக்கு.