‘முதுமைக்கு ஆகா மருந்து’: ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

முதியவர்களுக்கு நன்மையைவிடத் தீங்கு அதிகம் செய்யக்கூடிய மருந்தை ஆங்கிலத்தில் ‘பொட்டென்ஷியலி இன்அப்ராப்ரியேட் மெடிகேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘தகாத மருந்து’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. ‘தகாத’ என்றாலே நாளிதழ் வாசகருக்கு அடுத்த சொல் ‘உறவு’தான். ‘தவறான மருந்து’ என்றால் மருத்துவர்மேல் குற்றம் சுமத்திவிடுகிறோம். ‘ஒவ்வா மருந்து’ நல்ல சொல். ஆனால் ‘ஒவ்வாமை’யை அலர்ஜிக்குக் கொடுத்துவிட்டோம், இனித் திரும்ப வாங்க முடியாது.

பெயர் தேடும் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் முதியோர் இல்லவாசிகளுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று தொகுத்த பட்டியலில் தொடங்கியது இது. அந்நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம் 2023இலும் அதைப் புதுப்பித்தது. பட்டியலில் இருப்பவை நஞ்சு அல்ல. ஐம்பது வயதில் ஒழுங்காக வேலை செய்த கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை, சிறுநீரகம் தளர்ந்த வயதில் உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கிச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடுகிறது.

என் பெரியம்மாவுக்கு வயது 78. தும்மலுக்கு எழுதிக்கொடுத்தது குளோர்பெனிரமைன், மிளகளவு மாத்திரை. மூன்றாம் நாள் காலை, காபி கொண்டுவந்த மகனிடம், “தம்பி, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டார். மாத்திரையை நிறுத்திய பிறகுதான் தெளிந்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரே வரியில் முடித்தார்: “அவளுக்கு அந்த மாத்திரை ஆகாது.”

இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. வாயுத் தொல்லைக்காரருக்கு உருளைக்கிழங்கு ஆகாது என்கிறோம். கிழங்கைப் பழிக்கவில்லை, தின்பவர் உடம்பைப் பார்த்துச் சொல்கிறோம். பட்டியலும் அப்படித்தான்: தூக்கம் வராத முதியவருக்கு டயஸெபாம் ஆகாது, வலிப்பு வந்தால் அதே மருந்து ஆகும். ஆங்கிலச் சொல்லின் முன்னால் நிற்கும் ‘பொட்டென்ஷியலி’க்காகச் ‘சாத்தியமுள்ள’, ‘உள்ளார்ந்த’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அந்த நெகிழ்வு ‘ஆகாது’க்குள்ளேயே இருக்கிறது.

எனவே, ‘முதுமைக்கு ஆகா மருந்து’. புணர்ச்சி விதிப்படி ‘முதுமைக்காகா’ என்று சேர்த்தால் நாக்கு சுளுக்கும், பிரித்தே எழுதுவோம். முன்பாதியை வெட்டி ‘ஆகா மருந்து’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், லேகிய விளம்பரமாகிவிடும்.

ஒன்று மிச்சம். முதியோரின் மருந்துச்சீட்டைச் சரிபார்க்க அயர்லாந்தில் 2008இல் வந்த ஸ்டாப்-ஸ்டார்ட் அளவுகோல், எழுத வேண்டிய மருந்தை எழுதாமல் விடுவதையும் குறையாகவே எண்ணுகிறது. அதற்கு ‘விடுபட்ட மருந்து’ போதுமா? நோயாளி வேளை தவறிச் சாப்பிடாமல் விட்டதோடு குழம்பிவிடுமோ என்று தயங்குகிறேன். மருந்தாளுநர்கள் யாராவது சொல்லுங்கள்.