அரசு வாங்குற கடன் நம்ம மெஷின் லோனை இடிக்குமா?

திருப்பூர் நிட்டிங்:
அரசு கடன் வாங்கிச் செலவு பண்ணப் பண்ண, தனியார் முதலீட்டுக்கு இடமில்லாமப் போகும்ங்கறாங்க. நிட்டிங் மெஷினுக்கு வாங்குற 1 கோடி டெர்ம் லோன் வரைக்கும் அது வந்து சேருமாங்க? எந்த வழியா?

பவானிக்கரை:
வட்டி வழியா வருமுங்க. ஊர்ச் சேமிப்பு ஒரே கிணறு. அரசு பெரிய மோட்டார் போட்டு எறைச்சா மத்தவங்களுக்குத் தண்ணி மட்டம் எறங்கும். 1990-கள் தொடக்கத்துல பேங்குக்கு வர்ற 100 ரூபா டெபாசிட்டுல 38.50 ரூபா வரைக்கும் எஸ்எல்ஆர்னு (பேங்க் கட்டாயமா ஒதுக்கி வெக்கோணும்ங்கற பங்கு) பெரும்பாலும் அரசுப் பத்திரத்துக்குப் போச்சு, 15 ரூபா ரிசர்வ் பேங்குல. மிச்சத்துலதான் தறிக்கும் மில்லுக்கும் கடன். இப்ப எஸ்எல்ஆர் 18 தான்.

1 கோடிக்கு 84 தவணைன்னா, 9.5% வட்டியில மாசம் சுமார் 1,63,400. 10.5% ஆனா 1,68,600. மொத்தமா 4.3 லட்சம் கூடுது. ஜாப் ஒர்க் ஓட்டுறவங்க மெஷினைத் தள்ளிப்போட அது போதும்.

சோமனூர் தறி:
கிணத்துக் கணக்கு பாதிதான் சரிங்ணா. ஊத்து ரிசர்வ் பேங்க் கையில இருக்குது. 2020-21ல மத்திய அரசோட நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவுக்கு மேல கடன் வாங்கிச் செலவு பண்ணுனது, ஜிடிபியில 9.2%. அப்பவும் ரெப்போ (பேங்குகளுக்கு ரிசர்வ் பேங்க் கடன் குடுக்குற வட்டி) 4%, பத்து வருச அரசுப் பத்திர வட்டி 6%-ஐ ஒட்டியே நின்னுச்சு. கம்பெனிங்க கடன் கேக்கல. ரிசர்வ் பேங்கும் பத்திரம் வாங்குச்சு, 2021 ஏப்ரல்–ஜூன்ல ஜி-சாப்ங்கற பத்திரம் வாங்குற திட்டம் மூலமா மட்டும் 1 லட்சம் கோடிக்கு. மில்லுங்க முழு ஓட்டத்துல இருக்கறப்ப அரசும் கடனுக்கு வந்தாத்தான் இடி விழும்.

அப்புறம், குறு, சிறு தொழிலுக்கு 2019 அக்டோபருக்கப்புறம் பேங்க் குடுத்த மாறுவட்டிக் கடன் பெரும்பாலும் ரெப்போவோட கட்டுனது. பத்திர வட்டி ஏறுனதும் தவணை ஏறாது. ஃபைனான்ஸ் கம்பெனி லோன் அப்படியில்லீங்க. அவங்களே சந்தையிலயும் பேங்குலயும் கடன் வாங்கித்தான் நமக்குத் தர்றாங்க. அவங்க அடக்கவெலை ஏறுனா நம்ம தலையிலதான் விடியும். சாங்ஷன் லெட்டர்ல வட்டியை எதோட கட்டியிருக்குது, அதுக்கு மேல வெக்கிற ஸ்ப்ரெட் எவ்வளவு, வட்டியை மாத்துற ரீசெட் எப்பன்னு மூணையும் பாத்துக்குங்க.

நொய்யல்:
வட்டியை மட்டும் பாத்தா பத்தாதுங்க. பெரிய மேம்பால வேலை நடக்கறப்ப எம்-சாண்ட், டிப்பர், வெல்டர் எல்லாத்துக்கும் ஷெட் கட்டுறவங்க அரசு கான்ட்ராக்டரோட போட்டி போடோணும். லோன் வட்டி அசையாமலே ஷெட் எஸ்டிமேட் ஏறிரும்.

தலைகீழாவும் நடக்கும். 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைங்க மூடுனப்ப, சாயக் கழிவுநீரைச் சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு. கழிவுநீருக்கு வழியில்லாம டையிங் மெஷினுக்கு எவன் பணம் போடுவான்? அங்க அரசுக் காசு தனியாரைத் தள்ளல, உள்ள இழுத்துச்சு.