மெக்சிகோ சிட்டியில் ஓட்டலில் தங்கியவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

செங்காந்தள்

ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். 2022 செப்டம்பர் 22, நள்ளிரவு தாண்டி 1.16. அன்று அங்கே இருந்தவர்களுக்கு நேரத்தைச் சொன்னாலே போதும். மூன்று நாள் முன்னால் 7.7 அளவில் நிலநடுக்கம் அடித்திருந்தது, இது அதன் பின்னதிர்வு, 6.9. நான் வேலை விஷயமாக 20ஆம் தேதிதான் போய் இறங்கினேன். சென்ட்ரோ பகுதியில் பழைய ஓட்டல், நாலாவது மாடி.

இரவு கவுண்டரில் ஒரு பெரியவர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சாவி கொடுக்கும்போதே சுவரில் இருந்த பச்சைப் பலகையைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். தூக்கக் கலக்கத்தில் 'சி, சி', ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டேன்.

அலாரம் தெருவிலிருந்து வந்தது. கம்பங்களில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே சமயத்தில். ஏறி ஏறி இறங்கும் ஓர் ஊளை, நடுவில் ஓர் ஆண் குரல்: 'அலெர்த்தா சிஸ்மிகா', நிலநடுக்க எச்சரிக்கை. செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். கீழே வந்தபோது தொங்கு விளக்கு ஆட ஆரம்பித்திருந்தது. வாசலில் பெரியவர் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். என்னிடம் 'குவாந்தோஸ்?' என்றார். உங்கள் அறையில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். எனக்கு 'குவா' மட்டும்தான் காதில் விழுந்தது. அறைக்கு அவர்கள் 'குவார்த்தோ' என்பார்கள், அதைக் கேட்கிறார் என்று நினைத்து, நாலாவது மாடி என்று சொல்வதற்காக 'குவாத்ரோ' என்று நாலு விரலைக் காட்டினேன். என் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. அவரும் நாலு விரலைக் காட்டித் திரும்பக் கேட்டார். நானும் ஆமாம் என்றேன்.

அவர் உள்ளே ஓடிவிட்டார். படியில். என்னோடு தங்கியிருந்த மூன்று பேரைத் தேடி.

நான் தனியாகத்தான் வந்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பத்து நிமிடம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. திட்டவில்லை. தாளில் ஏதோ அடித்துத் திருத்தினார். அவ்வளவுதான். அன்று அந்த நகரில் இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒரு பெண் படியில் விழுந்து இறந்தார் என்று காலையில் செய்தி வந்தது. அதைப் படித்ததும் கை நடுங்கியது.

உங்களுக்கும் அங்கே ஓட்டலில் ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். அறை எப்படி இருந்தது என்பது வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

கல்லணை மேடு

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் பதினைந்து நாள் பட்டினி போட்டது. அம்மா கட்டிக் கொடுத்த குட்டி ரைஸ் குக்கர். அரிசி போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியும் விரலால் நசுக்கினால் நடுவில் கல். குக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அது கெடவே இல்லை. நம் ஊரில் 230 வோல்ட், அங்கே 127. சூடேற்றும் சாதனத்துக்கு வோல்ட் பாதியானால் சூடு கால்வாசிதான். கணக்குப் போட்டால் அந்தக் குக்கருக்கு அங்கே மூன்றில் ஒரு பங்கு பலம்கூடக் கிடைக்காது. அதோடு ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகாது. போன், லேப்டாப் சார்ஜர்களுக்குப் பிரச்சினை இல்லை, இரண்டு தட்டைக் கால் பிளக் மட்டும் வேண்டும். குக்கர், கெட்டில், தலைமுடி உலர்த்தி எதையும் இங்கிருந்து சுமக்காதீர்கள்.

தெற்கு வாசல்

செங்காந்தள், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் படியில் ஓடியதே தப்பு. மூன்று வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அலாரம் அடித்தால் ஒரு நிமிடம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பசிபிக் கரையில் நடுங்கினால் அது சரி. கரையில் இருக்கும் உணர்கருவிகள் பிடித்து அனுப்பிவிடும், அலை ஊருக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். 2017 செப்டம்பர் 19 அப்படி இல்லை. மையம் பக்கத்திலேயே, புவெப்லா மாநில எல்லைப் பக்கம். அன்று காலை 11 மணிக்குத்தான் ஊர் முழுக்க ஒத்திகை நடந்தது. 1985 செப்டம்பர் 19 பெரிய நிலநடுக்கத்தின் நினைவாக வருடா வருடம் நடத்துவது. மதியம் 1.14க்கு நிஜமாகவே அடித்தது, அலாரமும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாக. ஆகவே ஒரு நிமிடத்தை நம்பி ஓடக்கூடாது.

தரைத்தளமோ முதல் மாடியோ என்றால் ஆட்டம் தொடங்கும் முன் வெளியே போய்விடலாம். அதற்கு மேலே இருந்தால் இருக்கும் தளத்திலேயே, ஆபத்து குறைவான இடம் என்று குறியிட்ட தூண் பக்கம், கண்ணாடியிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். லிஃப்ட் கூடவே கூடாது. ஆடும்போது படியும் கூடாது. அந்தப் பச்சைப் பலகையில் இருப்பது இதுதான். நாலு பக்கமிருந்தும் அம்புகள் நடுவைப் பார்க்கும் படம் என்றால் வெளியே கூட வேண்டிய இடம். அறை எடுக்கும்போதே தாழ்ந்த மாடி கேளுங்கள். இரவில் செருப்பு, பாஸ்போர்ட், போன் மூன்றும் கதவுப் பக்கம் இருக்கட்டும். கதவைத் தாழிட்டுச் சங்கிலியும் மாட்டித் தூங்காதீர்கள், இருட்டில் விரலுக்கு அகப்படாது. ரோமா, கொண்டேசா, சென்ட்ரோ மூன்று பகுதிகளிலும் தங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எல்லாம் பழைய ஏரிப் படுகை, அங்கே ஆட்டம் அதிகம்.

என் அனுபவமா? 2022 செப்டம்பர் 19 அன்று அலுவலகத்தில் இருந்தேன். ஒத்திகை முடிந்து முக்கால் மணி நேரத்தில் ஆடியது. தூண் பக்கம் நின்றேன்.

பனங்கூடல்

நாங்கள் டொராண்டோவில் இருந்து போனோம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம். ஓட்டலுக்கு வந்து சேர்ந்த முதல் நாளே குளியலறைக்குள் இருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறா. குழாயில் 'சி' எழுத்து இருந்தது, குளிர்ந்த தண்ணீர் என்று நினைத்து முழுசாகத் திறந்துவிட்டிருக்கிறா. அங்கே 'சி' என்றால் கலியெந்தே, சுடுதண்ணீர். 'எஃப்' தான் பச்சைத் தண்ணீர். மொன்றியலில் சகோதரி வீட்டிலும் இதே எழுத்துத்தான். பிரெஞ்சிலும் 'சி' சூடு. எத்தனை தரம் அங்கே போய்க் குளித்திருக்கிறேன்! அம்மா உள்ளே போக முதல் ஒரு வசனம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோல் உரியவில்லை, இரண்டு நாள் சிவந்து கிடந்தது. 'பரவாயில்லை பிள்ளை, நான்தான் பார்க்காமல் திறந்தனான்' என்று அவவே என்னை ஆறுதல்படுத்தினா.

வயதானவர்களோடு போறவர்கள் அறைக்குள் போனதும் முதல் வேலையாகக் குழாயைத் தொட்டுப் பாருங்கோ. பல் தீட்டவும் போத்தில் தண்ணீரே பாவியுங்கோ.

எட்டாம் படித்துறை

தெற்கு வாசல் சார், சென்ட்ரோவில் தங்கவே வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். 1985க்குப் பிறகு கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள், அதற்கேற்பக் கட்டியவையும் பலப்படுத்தியவையும் அங்கே நிறைய இருக்கின்றன. 1956இல் முடித்த லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் அதே சென்ட்ரோவில் இருக்கிறது. 57, 85, 2017 நிலநடுக்கங்கள் மூன்றையும் தாங்கி நிற்கிறது. பேட்டையைப் பார்க்காதீர்கள், கட்டடத்தைப் பாருங்கள். எந்த வருடம் கட்டியது, எப்போது பலப்படுத்தியது என்று ஓட்டலில் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் ஏரிப் படுகை என்று நீங்கள் சொன்னது உண்மை, நான் அதைக் கண்ணால் பார்த்தேன். மேசையில் வைத்த எலுமிச்சம்பழம் தரையில் விழுந்து உருள ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியில் போய் மறுபக்கம் வெளியே வந்து, ஜன்னல் சுவரில் முட்டி நின்றது. எடுத்துக் கதவுப் பக்கம் வைத்தேன். மறுபடி அதே வழி, அதே மூலை. தரை சாய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவே இல்லை, பழத்துக்குத் தெரிந்தது. அன்று இரவு தலையணையைக் கால் பக்கம் மாற்றிப் போட்டுப் படுத்தேன். ஏன் தலை பாரமாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஊரே அடியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிறது, களிமண் சுருங்கிக்கொண்டே போகிறது. சுதந்திர தேவதைத் தூணைப் போய்ப் பாருங்கள். 1910இல் கட்டும்போது 9 படி. சுற்றியுள்ள தெரு கீழே போகப் போக இன்னும் 14 படி சேர்க்க வேண்டியதாயிற்று. தூண் ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கிறது, தெருதான் இறங்கிவிட்டது. அந்தப் படிகளில் உட்கார்ந்து அரை மணி நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

வெண்டைக்காய்ப் பச்சடி

சைவக்காரர்களுக்கு மட்டும். ஓட்டல் காலை உணவில் கருப்பாக மசித்த பீன்ஸ் இருக்கும், ஃப்ரிஹோலெஸ். நாலு நாள் ஆசையாகச் சாப்பிட்டேன். 'சின் கார்னே', கறி இல்லாமல் என்று சொல்லியும் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் சமையல்காரம்மா என் கரண்டியை வந்து பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிப் போய் ஒரு டின்னைத் திறந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று மான்தேகா, பன்றிக் கொழுப்பு. அதில்தான் தாளிக்கிறார்கள். நான் தட்டிலிருந்த பன்றி இறைச்சியை ஒதுக்குவதை நாலு நாளும் பார்த்திருக்கிறார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, எனக்கும்தான். அடுத்த நாளிலிருந்து எனக்கென்று தனிச் சட்டியில் எண்ணெய் ஊற்றிச் செய்து வைத்தார். 'சின் மான்தேகா' என்று சேர்த்துக் கேளுங்கள். சோற்றில் கோழிச் சாறு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தெற்கு வாசல்

எட்டாம் படித்துறை, கோபுரம் வேறு, நாலு மாடிப் பழைய ஓட்டல் வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்குச் சான்று சொல்லக்கூடாது. 1985இல் அலமேதா பூங்கா பக்கத்தில் ரெஹிஸ் ஓட்டல் இடிந்து விழுந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு சதுக்கம் இருக்கிறது. போனால் அங்கேயும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஆனால் கட்டிய வருடத்தைக் கேட்கச் சொன்னீர்களே, அது நல்ல யோசனை. அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மரப்பாச்சி

முதல் பதிவைப் படித்துவிட்டுத்தான் போனோம். அதனாலேயே நடந்தது இது. இரவு ஒன்பது மணி, தெருவில் நீளமான விசில். நெஞ்சைக் கிழிக்கிற மாதிரி ஒரே சுருதியில் ஊதிக்கொண்டே போகிறது. அலாரம் என்று முடிவு செய்து, தூங்கிக்கொண்டிருந்த பையனைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன். தெருவில் அவரவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். எதிரே ஒரு தள்ளுவண்டி, அடியில் விறகு எரிகிறது, புகைக்குழாயிலிருந்து ஆவி. கமோத்தே வண்டி. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்பவர் அந்த ஆவியை விட்டுத்தான் கூப்பிடுகிறார்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. விசிலை நிறுத்தினார். ஒரு கிழங்கைப் பிளந்து, மேலே இனிப்புப் பால் ஊற்றிப் பையன் கையில் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அந்தச் சூடும் பால் வாசனையும் அவன் பைஜாமாவில் ஊருக்கு வரும்வரை இருந்தது.

பழைய படுக்கை, ஃப்ரிட்ஜ் வாங்குகிறோம் என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் பதிவைப் போட்டுக்கொண்டு வரும் வேனும் அலாரம் இல்லை. தூக்கம் முக்கியம் என்றால் தெருப் பக்கம் வேண்டாம், உள்முற்றம் பார்த்த அறை கேளுங்கள்.

செங்காந்தள்

எல்லாவற்றையும் படித்தேன். தெற்கு வாசல், நீங்கள் சொன்னது சரி, நான் ஓடியிருக்கக் கூடாது. ஆனால் அந்த ஒலி வந்தபோது எனக்கு அது என்னவென்றே தெரியாது. போகிறவர்கள் ஊரில் இருக்கும்போதே இணையத்தில் தேடி ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்டு வையுங்கள். அங்கே போய்ச் சத்தமாகப் போட்டுவிடாதீர்கள், பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து ஓடுவார்கள்.

முதலில் எழுதாததையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் இரவு பேக்கரியில் கொஞ்சா வாங்கிக்கொண்டு போய்ப் பெரியவரிடம் கொடுத்தேன். மேலே சிப்பி மாதிரி கோடு போட்ட ரொட்டி. ஆறு இருந்தது. அவர் மேசையில் காகிதத்தை விரித்து ஒவ்வொன்றாக வைத்து, 'உனோ, தோஸ், த்ரெஸ்' என்று எண்ணினார். நாலாவதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு படியைக் காட்டி 'குவாந்தோஸ்?' என்றார். ஒரு விரலைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே அந்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார்.

வந்து நாலு மாதம் கழித்து அந்த ஓட்டலுக்குப் போன் செய்தேன். அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் வரவில்லை.

கல்லணை மேடு

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அங்கே பேசோவுக்கும் டாலர் குறியைத்தான் போடுவார்கள். கார்டு மெஷின் உங்கள் ஊர்ப் பணமா பேசோவா என்று கேட்டால் பேசோவை அழுத்துங்கள். லிஃப்ட்டில் 'பிபி' என்று இருப்பது தரைத்தளம். அலாரம் அடித்தால் அந்தப் பொத்தான் பக்கமே போகாதீர்கள்.