ரோமில் லார்கோ அர்ஜென்டினா: கீழே இறங்கணுமா?

கேள்வி: அம்மாவோடு ரோம் போகிறேன். அவருக்கு முழங்கால் வலி. சீசர் குத்துப்பட்ட இடமான லார்கோ அர்ஜென்டினா கடைத்தெரு நடுவிலேயே இருக்கிறதாமே, சாலையில் நின்று பார்த்தால் போதுமா?

பதில்: சாலைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் நான்கு பழைய ரோமானியக் கோயில்களின் இடிபாடுகளும் மேலிருந்தே தெரியும், காசு வேண்டாம். ஆனால் 2023 ஜூனிலிருந்து கீழே நடைபாதை இருக்கிறது, லிஃப்டும் உண்டு. தாராளமாகக் கூட்டிப் போங்கள். வட்டக் கோயிலுக்குப் பின்னால் பழுப்புக் கல் அடித்தளம் ஒன்று கிடக்கும். ரோமானியத் தளபதி பொம்பே கட்டிய மண்டபத்தில் மிஞ்சியது அவ்வளவுதான், கி.மு. 44இல் கொலை நடந்தது அங்கேதான். பலகையைப் படிக்காவிட்டால் வெறும் கற்குவியல் என்று தாண்டிப் போய்விடுவீர்கள். டிராம், பஸ் இரைச்சல் தலைக்கு மேலேயே கேட்கும். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

இன்னொரு பதில்: திங்கள்கிழமை உள்ளே விடமாட்டார்கள். அப்புறம், பூனைக் காப்பகத்தை விட்டுவிட்டீர்களே! இடிபாட்டின் ஓரத்திலேயே இருக்கிறது.

கேட்டவர்: பூனைகளா? சரி, அம்மாவுக்குச் சீசர் ஞாபகமே வராது.