புதுப்பிப்பு: 24 மாத ஃபைபர் இணைய ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துக்கொண்டேன் (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

24 மாத ஃபைபர் ஒப்பந்தத்தைப் பாதியில் விடலாமா என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பலித்தது, 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவைக் காட்டச் சொன்ன அக்காவின் யோசனைதான்.

20 வேலை நாள் முன்னறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். மிச்சமிருந்த 11 மாதக் கட்டணம் முழுவதையும் நிறுவனத்தார் கேட்டார்கள். நியாயமான ரத்துக் கட்டணம் மட்டுமே வாங்கலாம் என்று சட்டத்தைக் காட்டி எழுதியதும், ரவுட்டர், நிறுவல் செலவின் பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் எழுத்திலேயே கேளுங்கள், போனில் பேசினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

புதிய இணைய நிறுவனத்துக்கு மாறியபோது எதிர்பாராதது ஒன்று: கேபிள் இந்த இரண்டு பேருடையதும் இல்லை, வேறு நிறுவனத்துடையது என்பதால் புதிதாகத் தோண்டவில்லை. ஆனால் பழையவர்கள் லைனை விடுவிக்கும்வரை புதியவர்களால் இணைக்க முடியவில்லை. 4 நாள் பிள்ளைகளுக்கு நெட் இல்லை. இப்போது இருப்பது மாதாமாதத் திட்டம்.