“எரிந்து அழிந்துபோம்” என்பதை ஞாயிறு பள்ளியில் எப்படிக் கற்பிப்பது?

பாலிக் புலாவ் ஆசிரியை:

நேற்றிரவு பட்டர்வொர்த் மூப்பர் நம் பினாங்குச் சபைக் குழுவில் எழுதியதை இரண்டு முறை படித்த பிறகே பதில் எழுதுகிறேன். “எரியப்போகிற பூமியைப் பராமரிக்க ஆறு வாரப் பாடம் எதற்கு? முதலில் பிள்ளைகளுக்கு வேதத்தின் அதிகாரத்தைக் கற்பியுங்கள்” என்று எழுதி, கடைசி நாளில் பூமி ‘எரிந்து அழிந்துபோம்’ என்னும் 2 பேதுரு 3:10ஐ ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். அந்த ஆறு வாரப் பாடத்தை எழுதியவள் நான் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். பெயரைச் சொல்லாமல் விட்டதால் அது மரியாதையாகிவிடாது.

வேதத்தின் அதிகாரம் ஒரு பாடம், பூமியைக் காப்பது இன்னொரு பாடம் என்று பிரித்துப் பார்ப்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை. ஆதியாகமம் 2:15இல் தேவன் மனுஷனை ஏதேன் தோட்டத்தில் ‘அதைப் பண்படுத்தவும் காக்கவும்’ வைத்தார் என்று எழுதியிருக்கிறது. அங்கே ‘காக்க’ என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் ஷாமார். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிவில் ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்’ என்று கேட்டு ஆமென் சொல்கிறோமே, எண்ணாகமம் 6:24இல் வரும் அந்தக் ‘காக்க’ என்பதும் அதே சொல்தான். கர்த்தர் நம்மைக் காக்கிற அதே சொல்லால் தோட்டத்தைக் காக்கும்படி நமக்குச் சொல்லியிருக்கிறார் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். வேதத்திற்கு அதிகாரம் உண்டு என்று நம்புகிறவர்கள் இந்த வசனத்திற்கும் கீழ்ப்படிய வேண்டாமா?

பட்டர்வொர்த் மூப்பர்:

ஆசிரியை அவர்களே, ஆதியாகமம் 2:15ஐ நான் மறுக்கவில்லை. என் கேள்வி 2 பேதுரு 3:10 பற்றியது. ‘பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்’ என்று எழுதியிருக்கிறது. உங்கள் பாடத்தாளில் அந்த வசனத்திற்குக் கீழே ‘சில பழைய பிரதிகளில் வேறு சொல் உள்ளது’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வேதத்தில் ஒரு சொல் வேறாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே ‘வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது’ என்று மனப்பாடம் செய்யச் சொன்னால், அந்தப் பிள்ளை எதை நம்பும்? நான் இந்தச் சபையில் முப்பத்தோரு ஆண்டுகளாக மூப்பராக இருக்கிறேன். வசனத்திற்கு அடிக்குறிப்பு போட்ட ஞாயிறு பள்ளித் தாளை இதுவரை பார்த்ததில்லை.

நிபோங் திபால் தகப்பன்:

என் மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். தாள் தமிழிலும் கேள்விகள் ஆங்கிலத்திலும் இருந்தன. முதலில் அதைத் திருத்துங்கள். தமிழ் வேதாகமத்தைத் தடையின்றி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கிரேக்கப் பிரதியைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்?

பாலிக் புலாவ் ஆசிரியை:

கேள்விகளை ஆங்கிலத்தில் அச்சிட்டது நான் அல்ல. படியெடுத்தவர்கள் சேர்த்தது அது, அவர்களிடமே கேளுங்கள்.

மூப்பருக்கு வருகிறேன். அந்தக் குறிப்பை நானாகத் தேடிப்போய்ப் போடவில்லை. வகுப்பில் ஒரு பையன் தன் கைப்பேசியில் இருந்த ஆங்கில என்ஐவி வேதாகமத்தைத் திறந்து, “டீச்சர், இதில் எரிந்து அழிந்துபோம் என்று இல்லையே, வெளியரங்கமாகும் என்றல்லவா இருக்கிறது” என்று கேட்டான். அவனிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று மூப்பர் சொல்லட்டும். ‘கைப்பேசியை மூடு’ என்று சொல்லியிருக்கலாம். நான் உள்ளதைச் சொன்னேன். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அந்த இடத்தில் ‘காணப்படும்’ என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியப் பிரதியில் ‘எரிந்துபோம்’ என்று இருக்கிறது. 1871இல் வெளிவந்த பவர் ஐயரின் தமிழ் மொழிபெயர்ப்பு அன்று அச்சில் வழங்கிய கிரேக்க மூலத்தைப் பின்பற்றி ‘எரிந்து அழிந்துபோம்’ என்கிறது. அந்தத் தமிழைத்தான் நான் பிறந்ததிலிருந்து வாசிக்கிறேன், இன்றும் அதையே நேசிக்கிறேன். ஆனால் பிள்ளை கண்ணால் பார்த்த ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டு, அவனுக்கு வேதத்தின் அதிகாரத்தைக் கற்பிக்க என்னால் முடியாது.

பட்டர்வொர்த் மூப்பர்:

பெரும்பாலான கிரேக்கப் பிரதிகளில் ‘எரிந்துபோம்’ என்றே இருக்கிறது என்பதை ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை? பத்தாம் வசனத்தை விட்டுவிட்டாலும் பன்னிரண்டாம் வசனம் இருக்கிறதே: ‘வானங்கள் வெந்து அழிந்து, பூதங்கள் எரிந்து உருகிப்போம்.’ அதற்கும் அடிக்குறிப்பு போடுவீர்களா? எரிந்து அழிந்துபோம் என்றால் எரிந்து அழிந்துபோம்தான்.

ஜெலுத்தோங் வாசகி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், மூப்பர் ஐயா. பூதங்கள் என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே என் தம்பி மகன் பயந்துபோனான். கடைசி நாளில் பேய்களும் பூதங்களும் உருகி ஓடும் என்று யாரோ வகுப்பில் விளக்கியிருக்கிறார்கள். அது நிலம், நீர் முதலிய மூலப்பொருள்களைக் குறிக்கும் பழைய சொல் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அடிக்குறிப்பே வேண்டாம் என்கிறீர்கள். இதற்காவது ஒன்று வேண்டாமா?

பட்டர்வொர்த் மூப்பர்:

பஞ்சபூதம் என்ற சொல் தெரியாமல் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தார்களா? அது ஞாயிறு பள்ளியின் குற்றமல்ல.

ஜெலுத்தோங் வாசகி:

தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்ல வேண்டாம். விளக்கியவர் உங்கள் வகுப்பில் படித்து ஆசிரியரானவர்.

பாலிக் புலாவ் ஆசிரியை:

அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வசனத்திலேயே நிற்கிறேன், ஏனென்றால் மூப்பர் அங்கேதான் நிற்கிறார்.

மூப்பர் சொல்வதைப்போலவே ‘எரிந்து அழிந்துபோம்’ என்றே வைத்துக்கொள்வோம். அதே அதிகாரத்தின் ஆறாம் வசனத்தைப் பாருங்கள்: ‘அப்பொழுது இருந்த உலகம் ஜலப்பிரளயத்தினாலே அழிந்தது.’ நோவாவின் காலத்து உலகம் அழிந்தது என்று அதே பேதுரு எழுதுகிறார். ஆனால் பூமி இல்லாமல் போகவில்லை. ஒலிவ மரத்தின் இலையைப் புறா கொத்திக்கொண்டு வந்தது, நோவா திராட்சத்தோட்டத்தை நாட்டினான். அழிவது துன்மார்க்கம், நிற்பது கர்த்தருடைய பூமி என்று அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசிக்கிற பிள்ளைக்குப் புரியும். பதினோராம் வசனமோ இன்னும் நேரடியானது. இவையெல்லாம் அழிந்துபோகிறதாயிருக்கிறபடியால் நீங்கள் எப்படிப்பட்ட பரிசுத்த நடக்கை உள்ளவர்களாயிருக்க வேண்டும் என்று பேதுரு கேட்கிறார். ஆகையால் ஆற்றில் குப்பையைக் கொட்டலாம் என்று அவர் முடிக்கவில்லை. நம் வீடு ஒருநாள் இடிக்கப்படும் என்று தெரிந்ததால் இன்றைக்குக் கூட்டாமல் விடுகிறோமா? வாடகை வீடாக இருந்தாலும் சொந்தக்காரருக்குப் பயந்து கூட்டுகிறோம். ‘தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால் நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்க வேண்டாம், நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்’ என்று லேவியராகமம் 25இல் சொந்தக்காரரே பேசியிருக்கிறார். தோட்டத் தொழிலாளர் லயத்துக் குடியிருப்புகளில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டபோது வெளியே வந்த நம் பெற்றோர்களுக்கு அந்த வசனம் என்ன சொல்கிறது என்பதை எந்த விளக்கவுரையும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முற்றுகை போட்ட பட்டணத்தின் கனிமரங்களைக்கூட வெட்டக் கூடாது என்று உபாகமம் 20:19 சொல்கிறது. குஞ்சுகளோடு தாய்ப்பறவையைப் பிடிக்காதே என்று 22ஆம் அதிகாரம் சொல்கிறது. இவற்றை நான் கற்பிக்காவிட்டால் வேதத்தில் பாதியை மறைத்தவளாவேன்.

நிபோங் திபால் தகப்பன்:

வீடு கூட்டும் உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022 ஜனவரியில் புலாவ் புரோங் குப்பைக்கிடங்கு எரிந்து புகை எங்கள் பக்கம் பரவியபோது, பினாங்குத் தீவிலிருந்து யார் வந்து பார்த்தீர்கள்? உங்கள் குப்பையும் அங்கேதான் வருகிறது. பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுகிறவர்கள் ஒரு ஞாயிறு வகுப்பை இந்தப் பக்கம் நடத்திவிட்டு எழுதியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

பட்டர்வொர்த் மூப்பர்:

அதைத்தான் நானும் சொல்கிறேன். எரிகிற குப்பையைப் பிள்ளைகளா அணைப்பார்கள்? அது மாநகர் மன்றத்தின் வேலை. ஞாயிறு பள்ளிக்குக் கிடைப்பது நாற்பத்தைந்து நிமிடம். அதில் இரட்சிப்பைச் சொல்வதா, நெகிழிப்பையைச் சொல்வதா? நெகிழிப்பையைக் குறைக்கப் பினாங்கு அரசாங்கம் 2009இலேயே தொடங்கிவிட்டது. அதற்கு வேதாகமம் தேவைப்படவில்லை.

நிபோங் திபால் தகப்பன்:

மூப்பர் ஐயா, நான் உங்கள் பக்கம் பேசவில்லை. என் பேச்சை உங்கள் பேச்சோடு சேர்க்க வேண்டாம்.

பாலிக் புலாவ் ஆசிரியை:

தகப்பன் ஐயா சொன்னதில் எங்களுக்கு உறைக்க வேண்டியது இருக்கிறது. ஆனால் நான் வர முயலவில்லை என்பது சரியல்ல. அந்த மாதமே வகுப்பைக் கூட்டிக்கொண்டு வர அனுமதி கேட்டேன், செயற்குழுவில் மறுக்கப்பட்டது. யார் மறுத்தார்கள் என்று நான் எழுதமாட்டேன்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பாலிக் புலாவ் பக்கத்துக் கரையோரங்களைச் சுனாமி அலை தாக்கிய அன்று நான் இங்கேதான் இருந்தேன். கரையில் பக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் ஏன் நிற்க வேண்டும் என்பதை அதன் பிறகு மீனவர்கள் எனக்குச் சொன்னார்கள். பிள்ளைகளை அந்தச் சேற்றில் இறக்கிக் கன்று நடச் செய்தபோது ரோமர் 8:22ஐ வாசித்தேன்: ‘சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது.’ எந்தப் பிள்ளையும் அதற்குப் பொருள் கேட்கவில்லை. பிரசவவேதனைக்குப் பிறகு வருவது பிறப்பு, சுடுகாடு அல்ல. இதையும் வேதமே சொல்கிறது. மூப்பர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சொல்லுக்கு உள்ள அதிகாரம் இந்த வசனத்திற்கு இல்லையா?

பட்டர்வொர்த் மூப்பர்:

சேற்றில் இறங்கியதில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. அதையும் எழுதுங்கள்.

ஜெலுத்தோங் வாசகி:

காய்ச்சல் வந்தது அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள். அந்தப் பண்டிகையில் முந்நூறு பேருக்கு பொலிஸ்டிரின் நெகிழி டப்பாவில் சோறு கொடுத்தது யார் ஏற்பாடு என்பதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். கர்த்தர் கொடுத்த விளைச்சலுக்கு நன்றி சொல்லிவிட்டு, பின்வாசலில் அந்த டப்பாக்களை மலைபோல் குவித்தோம்.

பட்டர்வொர்த் மூப்பர்:

வாழை இலை வாங்கப் பணம் கொடுத்தவர்கள் இங்கே பேசட்டும். பொருளாளராக இருந்து கணக்குப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

பாலிக் புலாவ் ஆசிரியை:

இலைக்கு நான் பணம் கொடுத்தேன். ரசீது என்னிடம் இருக்கிறது. அது வேறு விஷயம்.

மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் விவிலியப் பாடத்தை எடுக்கிற மாணவர்கள் லூக்காவையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் படிக்கிறார்கள். ஆதியாகமத்தையும் லேவியராகமத்தையும் அவர்கள் கேட்க வேறு இடம் இல்லை. நம்முடைய நாற்பத்தைந்து நிமிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கக் காலம் வந்தது என்று வெளிப்படுத்தல் 11:18 சொல்கிறது. அதை வாசித்த பிறகும் பூமி எப்படியும் எரியத்தானே போகிறது என்று ஒரு பிள்ளை என் வகுப்பிலிருந்து எழுந்து போனால், கணக்குக் கொடுக்க வேண்டியவள் நான். அடிக்குறிப்பை எடுக்க மாட்டேன். அடுத்த வாரத் தாளில் பன்னிரண்டாம் வசனத்தையும் சேர்த்து, பூதங்கள் என்ற சொல்லுக்கும் ஒரு குறிப்பு எழுதுகிறேன்.

பட்டர்வொர்த் மூப்பர்:

செயற்குழு கூடும்வரை அந்தத் தாளை வகுப்பில் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எத்தனை வசனங்களை அடுக்கினாலும், என் வேதாகமத்தில் ‘எரிந்து அழிந்துபோம்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

பாலிக் புலாவ் ஆசிரியை:

என் வேதாகமத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, மூப்பர் ஐயா. அதற்கு மேலே ஒன்பது வசனங்களும் கீழே எட்டு வசனங்களும் இருக்கின்றன. தாள் அச்சுக்குப் போய்விட்டது.

நிபோங் திபால் தகப்பன்:

கேள்விகள் எந்த மொழியில்?