கார்புரேட்டருக்கு அடியில் ஒரு பேக்கிங்

தாத்தா ஓட்டிய ஃபார்கோ லாரி இன்னும் எங்கள் வீட்டில் நிற்கிறது. அம்பாசமுத்திரம் அரிசி ஆலைகளில் மூட்டை ஏற்றிய வண்டி. அந்தக் காலத்து ஃபார்கோ, டாட்ஜ் பலவற்றில் பிறகு பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை மாட்டிவிட்டார்கள். இது பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் ஒற்றை பேரல் கார்ட்டர் கார்புரேட்டரோடு அப்படியே இருக்கிறது.

போன சித்திரையில் ஸ்லோ, அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் ஓடும் மெதுவான ஓட்டம், நிற்கவே இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு குலுக்கு, அப்புறம் அணைந்துவிடும். மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றினேன். ஜெட்டை ஊதினேன், ஃப்ளோட் உயரம் பார்த்தேன், பம்ப் லெதரையும் மாற்றினேன். ஸ்லோ ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லை. அதிலேயே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

முக்கூடலில் பழைய லாரி வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டர், இன்ஜினுக்குள் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டோடு சேரும் இடத்தைச் சுற்றி ஆயில் கேனால் சொட்டுச் சொட்டாக விட்டார். இன்ஜின் பக்கத்து ஓரத்தில் சொட்டு விழுந்ததும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டது. குலுக்கல் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம்தான், மறுபடி பழையபடி.

"ஏர் இழுக்கு தம்பி. கார்புரேட்டரப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்துத?"

கழற்றினால் தப்பு என்னுடையது. அந்த இணைப்பில் காற்றுப் புகாமல் நடுவில் வைக்கும் தடித்த பேக்கிங் கிடைக்கவில்லை என்று மெல்லிய பேப்பர் பேக்கிங் இரண்டை ஷெல்லாக் என்ற அரக்குப் பிசின் தடவிப் போட்டிருந்தேன். ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரையும் சரக்கு. இப்போதைய பெட்ரோலிலோ 20 சதவீதம் எத்தனால். பிசின் இளகி வழிந்திருந்தது. போதாக்குறைக்கு ஒரு நட்டை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் திறந்து கிடந்தது.

இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். எக்ஸாஸ்ட் சூடு நேரே மேலேறி கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலைச் சூடாக்கும். தடித்த பேக்கிங் காற்றை அடைப்பதோடு அந்தச் சூட்டையும் தடுக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டி உடனே ஸ்டார்ட் ஆகாமல் அழிச்சாட்டியம் செய்ததும் இதனால்தான்.

அண்ணாச்சி தடித்த பேக்கிங் ஷீட்டை, இணைப்பின் தட்டை விளிம்பான ஃப்ளாஞ்சின் மேல் வைத்து, சின்ன சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரம் முழுக்க மெல்லத் தட்டினார். விளிம்பு பதிந்து அதுவே வெட்டுப்பட்டது. நட்டு மாட்டும் ஸ்டட் கம்பி நுழையும் ஓட்டைக்குப் பழைய பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு. வட்டம் சுத்தமாக விழுந்தது. கத்தரிக்கு அந்த நேர்த்தி வராது. ஷெல்லாக் எதுவும் தடவவில்லை.

பாபநாசம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினோம். இன்ஜின் ஆறியதும் இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் முறுக்கிவிட்டார். இன்றும் அதே பேக்கிங்தான் ஓடுகிறது.